படர்க்கை

மொன்றியல். மார்ச் மாதம். ஏழாம் மாடி.
சத்தியம் செய்தாயிற்று:
கூட்டாமல் குறைக்காமல்
சொன்னதைச் சொல்வேன் என்று.
மேசைக்கடியில் ஈரச் சப்பாத்துகள்
உப்புக் கோடு விட்டுக் காய்கின்றன.

நடுவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு
மேசையெல்லாம் தேடுகிற பெண்மணி.
கேள்விக்குக் கேள்வி 'வூ' என்கிறார்.
பிரெஞ்சில் அது நீங்கள்.
திருடினவருக்கும், தீர்ப்பெழுதுகிறவருக்கும்,
சம்பளம் கேட்டு வந்தவருக்கும் அதே வூ.
இதில் எனக்கு வேலை சுலபம்.
"நீங்கள் எப்போது வேலைக்குச் சேர்ந்தீர்கள்?"

குழந்தைவேலு திரும்பிப் பார்க்கிறார்,
பின்னால் யாரும் வந்து நிற்கிறார்களோ என்று.

ஐம்பத்தெட்டு வயது.
பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கடையின்
நிலக்கீழ்ச் சமையலறையில்
பதினொரு வருடம் சட்டி கழுவியவர்.
விரல்ரேகை தேய்ந்துபோய்
குடிவரவு மெஷின் மூன்று தரம்
ஆளே இல்லை என்றதாம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

முதலாளி ஜெயரூபன், நாற்பத்திரண்டு.
பிரெஞ்சு நன்றாய் வரும்.
கோபம் வந்தால் தமிழ்தான்.
"உவனுக்கு நான் சோறு போட்டனான்.
உவன் வரேக்க குளிருக்கு ஒரு கோட் இல்லை.
உவன் இப்ப எனக்குக் கணக்குக் காட்டுறான்."

உவன்.
சொல்லில் குற்றமில்லை.
தம்பியை, மகனை, பக்கத்து வீட்டுப் பொடியனை
அப்படித்தான் சுட்டுவோம்.
பதினாறு வயது மூத்தவரை, காதுபட,
முகவாயை உயர்த்திச் சுட்டினால்
அது வேறு.

நான் சொன்னேன்: 'இல்.'
மூன்று உவனுக்கும் மூன்று இல்.
வேறு சொல் அங்கே கிடையாது.
நடுவர் குறித்துக்கொண்டார்:
உணவு கொடுத்திருக்கிறார். கோட்டும்.
காகிதத்தில் ஜெயரூபன்
கருணையுள்ள மனிதராக எழும்பி நின்றார்.

நான் குறைக்கவில்லை.
குறைந்துபோயிற்று.

பிறகு குழந்தைவேலு.
"அவர் கடைசி ஏழு மாசம் காசு தரேல்லை.
அவரிட்டை கேட்டனான்.
அவர் பிறகு பாப்பம் எண்டார்."
இதற்கும் இல். இல். இல்.
தமிழில் அதற்கு வீடு என்றும் பொருள்,
இல்லாமை என்றும்.
ஏழு மாதம் ஒன்றும் வாங்காதவர்
ஒவ்வொரு வசனத்திலும் கொடுத்துக்கொண்டிருந்த 'ர்'
யாருக்கும் கேட்கவில்லை.

கை உயர்த்தினேன்.
"மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல அனுமதி கேட்கிறார்."
விதிப்படி
என்னையே நான் படர்க்கையில்தான் சொல்லவேண்டும்.
இந்த மொழியில் இல் பலவிதம், என்றேன்,
ஒருவர் மேலிருந்து சொல்கிறார், மற்றவர்...
சட்டத்தரணி எழும்பினார்: பொருத்தமற்றது.
நடுவர் ஒப்புக்கொண்டார்.
சரிதான். அதற்கு மணிக்கணக்குக் கூலி
எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆனால் பேனையை வைத்துவிட்டு
என்னிடம் கேட்டார்,
இவருடைய பெயரை எப்படிச் சொல்லவேண்டும்?
காலையிலிருந்து 'மிஸ்யூ கு' என்று தொடங்கி
இருமலில் முடித்துக்கொண்டிருந்தவர்.
குலந்தை. குரந்தை. திரும்பவும் குலந்தை.
நாக்கை மடித்து, முகம் சிவந்து,
அறை முழுதும் காத்திருக்க, நாலாவது தரம்.
"கிட்ட வந்திட்டா எண்டு சொல்லுங்கோ," என்றார் குழந்தைவேலு.
அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அதன்பிறகு ஜெயரூபன் உவன் என்னவில்லை.
அவர் என்றும் வாய் வரவில்லை.
"வேலைக்கு வந்தது, காசு குடுத்தது, போனது" என
ஆளில்லாத வசனங்களாய்க் கட்டினார்.
பிரெஞ்சு விடாது. எழுவாய் கேட்கும்.
வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு
ஒரு மூச்சு நின்றேன்.
பிறகு 'மிஸ்யூ குழந்தைவேலு' என்றேன்.
ஒரே ஒரு தரம்.
ஒலிப்பதிவில் இருக்கிறது. சத்தியத்தை மீறினவள் நான்தான்.

தீர்ப்பு தபாலில் வருமாம்.

லிப்ட் கதவு மூட வந்தது.
குழந்தைவேலு கையைக் குடுத்து மறித்தார்.
தாழ்வாரத்தில் ஜெயரூபன் வந்துகொண்டிருந்தார்.
கதவு இரண்டு முறை கையில் இடித்துத் திரும்பியது.
ஜெயரூபன் எங்களைப் பார்த்தார், கையைப் பார்த்தார்,
படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.
ஏழு மாடி.

இறங்கும்போது குழந்தைவேலு
தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு கேட்டார்:
"நீ எந்தப் பக்கம் பிள்ளை போறாய்?"